விலை வைத்த கேள்வி

2002-இல் தொடங்கிய கூகுள் ஆன்சர்ஸ் சேவையில், கேட்பவரே தன் கேள்விக்கு விலை வைக்க வேண்டியிருந்தது. உச்சவரம்பு 200 டாலர். விடை தேடித் தந்த ஆய்வாளருக்கு அந்த விலையில் முக்கால் பங்கு. கேள்வியைப் பதிய 50 சென்ட் தனி. பதிலே வராவிட்டாலும் அது திரும்பியதில்லை. 2006 இறுதியில் புதுக் கேள்விகளை நிறுத்திக்கொண்டார்கள்.

பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பது தனித் தவிப்பு. அம்மாவின் மருந்துச் சீட்டில் புரியாத ஒரு வரியைக் கேட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் திரையையே பார்த்திருக்கும் மனசு. அந்தத் தவிப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. பிறர் உழைப்பைச் சும்மா வாங்க மனம் வராதவரின் தவிப்பு அது. அந்தச் சேவையிலேயே, ஆய்வாளர் வருமுன் முகம் தெரியாத யாரோ, காலணா வாங்காமல், தெரிந்ததை எழுதிவிட்டுப் போனதும் உண்டு.