தேயாத முகம்

எங்கள் ரப்பர் ஆலைக்குள் செம்பும் பித்தளையும் வரக்கூடாது. பால் வாளி, வடிதட்டு, உறைய வைக்கும் தொட்டி எல்லாமே வேறு உலோகம். துளி செம்பு கலந்தாலும் போதும், ரப்பர் நாளாக நாளாக இளகிப் பிசுபிசுத்துப் போகும். ஆனால் ஷீட் அடிக்கும் உருளைகளின் அச்சைத் தாங்கும் புஷ் வெண்கலம். பாலை உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி பட்டு அதன் விளிம்பில் பச்சை பூக்கும், எண்ணெயோடு சேர்ந்து வழியும். அந்தப் பச்சைச் சொட்டு ஷீட்டில் விழாமல் தட்டு கட்டித் துடைப்பது பிட்டர் வேலை. நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில், 31 வருடம் அதைச் செய்தவன் நான்.

அதனால்தான் சிரம்பானில் வெள்ளிக்கிழமை சைவ சித்தாந்த வகுப்புக்குப் போன முதல் நாளே வம்பு வந்தது. வகுப்பு எடுத்தவர் யாழ்ப்பாண வழிவந்த ஐயா. ரயில்வேயில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். உயிரோடு ஆணவ மலம் எப்போது சேர்ந்தது என்று கேட்கக்கூடாது, அது நெல்லில் உமி போல, செம்பில் களிம்பு போல என்றைக்கும் உள்ளது என்றார். உமியோடு எனக்குச் சண்டை இல்லை. களிம்பைத்தான் விழுங்க முடியவில்லை.

"ஐயா, களிம்பு செம்போடு பிறந்ததில்லையே. காற்றும் ஈரமும் பட்டு மேலே ஏறுவது. புளி போட்டுத் துலக்கினால் போகும், விட்டால் திரும்ப வரும். கூடப் பிறந்தது என்று எப்படிச் சொல்வது?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உமக்குச் செம்பு தெரியும் தம்பி. உவமை தெரியேல்லை."

வகுப்பே சிரித்தது. நான் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன் என்பது வேறு விஷயம்.

நாம் திமிரைத்தான் ஆணவம் என்கிறோம். மெய்கண்டார் வழியில் அது அவ்வளவு சின்னப் பொருள் இல்லை. உயிரின் அறிவை மூடி அதை அணு அளவுக்குச் சுருக்கிவிடும் இருட்டு அது. நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவனுக்கும் உண்டு, கூனிக் குறுகி நிற்கிறவனுக்கும் உண்டு. இதுவரை எனக்குச் சம்மதம். அடுத்ததுதான் உறுத்தியது. முத்தியிலும் அந்த மலம் அழிவதில்லையாம், அதன் வலிமை மட்டும் அடங்கிக் கிடக்குமாம். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் நடத்தி முடித்துவிட்டு ஐயா இதைச் சொன்னபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிட்டரின் மனசு அப்படி. பழுது என்றால் கழற்றி எறிய வேண்டும். எறிய முடியாத பழுதை வைத்துக்கொண்டு என்ன வீடுபேறு?

இந்தக் கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டுதான் லேத்தோடு மல்லுக்கட்டினேன்.

தோட்டம் வீடுகள் நிறைந்த தாமானாக மாறியபோது ஆலைச் சாமான்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அதில் ஒன்று இந்த லேத், மைஃபோர்ட் எம்.எல்.7. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் பீஸ்டனில் செய்தது, சென்டர் உயரம் மூன்றரை இஞ்சு. நான் வேலை பழகியதே அதில்தான். வீட்டுக்குப் பின்னால் சமையல்கட்டை ஒட்டிய கூரைக்கடியில் வைத்தேன். இரும்புத்தூள் தோசை மாவில் விழும் என்று வீட்டுக்காரி பயந்தாள். விழவும் செய்தது.

அதன் பழுது இதுதான். லேத்தின் அடித்தளமான பெட்டில் இரண்டு தண்டவாளம், முன்னது ஒன்று, பின்னது ஒன்று. வெட்டும் உளியைச் சுமக்கும் சேடில் இரண்டின் மேலும் உட்கார்ந்தாலும், வழி பிடித்து ஓடுவது முன் தண்டவாளத்தின் இரண்டு பக்கங்களைக் கவ்வித்தான். கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில், எந்நேரமும் வேலை நடக்கிற ஒரு சாண் நீளத்தில், அந்தத் தண்டவாளத்தின் உள்முகம் தேய்ந்துவிட்டது. தேய்த்தது நாங்கள்தான். எமரித் தாள் போட்டு மெருகேற்றும்போது தூள் விழாமல் பெட்டின் மேல் துணி போர்த்த வேண்டும். எத்தனை நாள் போர்த்தினேன்? (ஆயுத பூஜைக்குக்கூட நான் லேத்துக்குத் திருநீறு பூசுவதில்லை. சாம்பலும் எண்ணெயும் கலந்தால் அரைக்கிற பசையாகிவிடும். ஹெட்ஸ்டாக் மூடியில் சந்தனம், அதோடு சரி.)

ஆறு இஞ்சுக் கம்பியைக் கடைந்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஆயிரத்தில் மூன்று இஞ்சு வித்தியாசம் வந்தது. ஒரு தலைமுடிக் கனம். சக் பக்கம் ஆட்டம் நிற்கட்டும் என்று சேடிலின் பிடியைச் சரிசெய்யும் கிப் திருகை இறுக்கினால் சேடில் வால் பக்கம் போய்ச் சிக்கிக்கொள்ளும், தளர்த்தினால் சக் பக்கம் ஆடும். ஓர் இடத்துக்குச் சரி செய்தது இன்னோர் இடத்தில் குற்றம். இரண்டு வருடம் இந்தத் திருகோடுதான் போனது. சாணை பிடிக்கக் கோலாலம்பூரில் விலை கேட்டேன். லேத்துக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு வெள்ளி.

1972இல் இதே ரக லேத்தின் வழியைக் கம்பெனியே மாற்றிவிட்டது என்று பழைய கூட்டாளி ஒருவர் சொன்னார். முன் தண்டவாளத்தின் வெளிமுகம், பின் தண்டவாளத்தின் பின்முகம், இரண்டுக்கும் நடுவே அகலமாகப் பிடித்து ஓடும்படி செய்தார்களாம். பழைய மெஷின் வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே அதைச் செய்துகொண்டார்களாம்.

அன்று ராத்திரி டார்ச் எடுத்துப் பெட்டின் பின்பக்கம் அடித்துப் பார்த்தேன். காய்ந்த கிரீஸ் தார் மாதிரி அப்பியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும், பீஸ்டனில் சாணை பிடித்த கோடுகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அப்படியே இருந்தன. சேடில் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. முன்பக்கமோ சக் அருகே கண்ணாடி மாதிரி மின்னியது. பளபளப்பைப் பார்த்து மெஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவன் பிட்டர் இல்லை.

மற்றது கைவேலை. சேடிலுக்கும் அந்தப் பின்முகத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தேன். அதைவிட ஒரு நூலிழை கனமாக எஃகுப் பட்டை ஒன்றைத் தேய்த்தேன். நீல மை தடவி ஓட்டிப் பார்ப்பது, ஒட்டிய இடத்தைச் சுரண்டுவது, மறுபடி தடவுவது. மூன்று சனி ஞாயிறு பிடித்தது. பட்டையைச் சேடிலில் திருகி ஏற்றியதும், தேய்ந்த உள்முகத்தை விட்டுச் சேடில் விலகி நின்றது. தாள் ஒன்றை அந்த இடுக்கில் விட்டு இழுத்தேன், தடையில்லாமல் வந்தது. மறுபடி ஆறு இஞ்சுக் கம்பி. டயல் கேஜ் முள் அரைக் கோடு அசைந்தது, அவ்வளவுதான்.

தேய்ந்த முகத்தை நான் தொடவே இல்லை. அந்தக் குழி அங்கேயே இருக்கிறது. கடைசலில் மட்டும் அது தெரிவதில்லை.

உயிருக்குத் தனித்து நிற்கும் தன்மை கிடையாது, சார்ந்ததன் வண்ணம் ஆவதே அதன் இயல்பு என்று ஐயா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நிறத்தைச் சார்ந்த பளிங்கை உவமை காட்டுவார். மலத்தைச் சார்ந்தால் மலத்தின் வண்ணம், சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வண்ணம். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பெருமூச்சு விட்டதோடு சரி. என் கோபத்தைக் கழற்றி எறிய நாற்பது வருடமாகத் திருகை இறுக்கிக்கொண்டிருந்தவன் நான். ஆலையில் இறுக்குவேன், வீட்டில் சிக்கும். வீட்டில் தளர்த்துவேன், ஆலையில் ஆடும். மலம் அழியாது, அதன் வலிமை அடங்கும் என்ற சொல்லை இனி ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன். கணக்குத் தெரிந்தவன் சொன்ன சொல் அது. பழுதை அழித்தால்தான் விடுதலை என்றால் எனக்கு அது கிடைக்கப் போவதில்லை. சார்பை மாற்றலாம் என்றால் வழியிருக்கிறது.

இதை ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவர் படுக்கையோடு இருந்தார். பட்டை, நீல மை, இடுக்கில் விட்ட தாள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்தப் பின்முகமும் ஒருநாள் தேயும்தானே?"

"தேயும் ஐயா."

"சிவம் தேயாது. அப்ப உம்மட உவமையும் களிம்புதான்" என்றார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. காலையில் வேலை தொடங்கும் முன் பெட்டுக்கு எண்ணெய் விடுகிறேன். இப்போது எதுவும் உரசாத அந்தத் தேய்ந்த முகத்துக்கும் சேர்த்துத்தான். நம்மூர் ஈரத்துக்கு விடாமல் இருந்தால் துரு ஏறிவிடும்.