வானத்து அப்பம்

எட்டாத கனவை நாடுவோரைக் குறித்து ஆங்கிலத்தில் 'பை இன் த ஸ்கை' என்றொரு வழக்கு உண்டு. பழத்தையோ இறைச்சியையோ மாவில் பொதிந்து சுடும் பண்டம் வானத்தில் இருக்கிறதாம்! நாம் அதை 'வானத்து அப்பம்' என்று கொள்வோம். அரசியலாரின் வெற்று வாக்குறுதிகளுக்கு இன்று இச்சொல் பயன்படுகிறது. ஆனால் முதலில் இது எய்யப்பட்டது நம்மைப் போன்ற போதகர்கள் மீதுதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் மரம் வெட்டியும் கதிர் அறுத்தும் ஊர் ஊராய் அலைந்த கூலிகளை ஒன்றுதிரட்ட, 1905இல் ஒரு தொழிற்சங்கம் சிகாகோவில் தோன்றியது. சங்கத்தார் தெருமுனையில் பேசுகையில், அருகிலேயே இரட்சண்ய சேனையின் இசைக்குழு பக்திப் பாடல்களை முழங்கும். சுவீடனிலிருந்து குடியேறிய ஜோ ஹில் என்னும் தொழிலாளி, அத்தகைய பாடல் ஒன்றின் மெட்டிலேயே 1911இல் கேலிப்பாட்டு ஒன்றைக் கட்டினார். பசித்தவன் உணவு கேட்டால் போதகர் மறுமையைக் காட்டுகிறார் என்பதே அதன் குற்றச்சாட்டு. அப்பாட்டில் பிறந்தது இவ்வழக்கு. பின்னர் ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட அவர், 1915இல் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றவாளிதானா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

ஏழைகளுக்கு உணவும் உறைவிடமும் தந்த சேனையாருக்கு இக்கேலி முழுதும் பொருந்துமா என்று வாதிடலாம். ஆனால் நமக்குப் பொருந்துமா?

இளங்குருவாய் இருந்தபோது நாம் நிறைவேற்றிய அடக்கத் திருப்பலி ஒன்று நினைவுக்கு வருகிறது. சாரத்திலிருந்து விழுந்து இறந்த கொத்தனார் அவர். அவருடைய மனைவியிடம், "அழாதேம்மா, அவர் விண்ணகத்தில் இளைப்பாறுகிறார்" என்றோம். கல்லறையிலிருந்து திரும்புகையில் அந்தப் பெண் கேட்டார்: "சரிங்க சாமி. அவருக்கு வரவேண்டிய மூணு வாரக் கூலியை யாருகிட்டப் போய்க் கேக்கிறது?"

நம்மிடம் விடை இல்லை. மறுநாள் அவரோடு ஒப்பந்தக்காரரின் வீட்டுக்கு நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. நாம் சொன்னது பொய்யன்று. ஆயினும் அன்று அவர் கையில் நாம் கொடுத்தது வானத்து அப்பமே.

அப்படியாயின், விண்ணக நம்பிக்கையே வீண் கனவா? அன்று. மூன்று வாரக் கூலியை மட்டும் வாங்கிக் கொடுத்து, இறந்த கணவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதிருந்தால், அதுவும் பாதி ஆறுதலே. ஜோ ஹில் கனவு கண்ட நீதியான உலகும் அவர் கண்ணுக்கு எட்டவில்லையே! காணாததை நம்புவது மடமையன்று. தான் உண்டு முடித்து, பசித்தவனைப் பார்த்துப் "பொறுத்திரு" என்பவனின் வாயில்தான் நம்பிக்கை ஏமாற்றாகிறது.

யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் உள்ள வரிசையைக் கவனிப்போம். ஆண்டவர் ஐயாயிரம் பேரின் பசியை முதலில் ஆற்றுகிறார். மறுநாளே வானினின்று இறங்கி வந்த உணவைப் பற்றிப் பேசுகிறார். திருச்சபையின் போதனையும் இதுவே. அக்கேலிப்பாட்டுக்கு 20 ஆண்டுகள் முன்னரே, 1891இல், திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் நியாயமான கூலியைத் தொழிலாளரின் உரிமையாக வலியுறுத்தினார். புதிய உலகின் எதிர்பார்ப்பு இவ்வுலகின் மீதுள்ள அக்கறையைக் குறைக்காமல் தூண்டவேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது.

எனவே அன்பர்களே, துயருற்ற வீட்டில் விண்ணகத்தைப் பற்றித் தயங்காமல் பேசுவோம். பேசிய பின் உடனே எழுந்து வந்துவிடாமல், "உங்களுக்கு வரவேண்டியது ஏதேனும் உண்டா? நாளை உங்களோடு வரட்டுமா?" என்றும் கேட்போம். அன்று நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.