எழுபது ரூபாய் யாருடையது?

காலாண்டுதோறும் வங்கிகளின் நிதி அறிக்கைகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. வாராக்கடன்களை வாங்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனமொன்றில் வேலை. வாராக்கடன் மிகுந்த வங்கிதான் விற்கும் என்று புதிதாகச் சேர்பவர்கள் நினைப்பார்கள். நான் முதலில் தேடுவது ஒதுக்கீட்டை, அதாவது கடன் திரும்பாது என்று கருதி வங்கி முன்கூட்டியே நட்டமாக எழுதிவைத்த தொகையை. நூறு ரூபாய்க் கடனுக்கு எழுபது ஒதுக்கிவிட்ட வங்கிக்கு, முப்பதுக்கு விற்றாலும் கணக்கில் புதிதாக நட்டம் வராது. மார்ச் நெருங்கும்போது அதன் கதவைத் தட்டலாம்.

அந்த எழுபதுதான் என்னை உறுத்துகிறது. வங்கி அதைப் போனதாகவே எழுதிவிட்டது. நாங்களும் அதற்குக் காசு கொடுக்கவில்லை. கடன்பட்டவரிடம் மட்டும் நூறும் வட்டியும் கேட்கிறோம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் இதற்கு வழிவிடுகிறது. தர்மம் விடுமா? கடனை மூன்றாமவருக்குத் தள்ளுபடியில் விற்பதை இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. விவிலியத்தின் உபாகமமோ ஏழாம் ஆண்டில் கடனையே விட்டுவிடச் சொல்கிறது.

‘சொன்ன சொல் தவறியவனுக்குச் சலுகையா?’ என்பார் என் மேலாளர். வேண்டுமென்றே ஏமாற்றியவர் விஷயத்தில் அவர் சொல்வது சரி (அத்தகையவர்களுக்கு நல்ல வக்கீலும் அமைந்துவிடுகிறார்). தொழில் நொடித்துப்போன தறிக்காரர் கதை வேறு. அந்நியருக்கு முப்பதுக்குத் தரச் சம்மதிக்கும் வங்கி, அந்த விலையை முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும்.