சாவா மூவாப் பேராடு

திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் விருத்தாசலத்தில் உயிர் நீப்போருக்குப் பெரியநாயகி தன் முந்தானையால் விசிற, பழமலைநாதர் அவர் செவியில் ஐந்தெழுத்தை ஓதியருள்கிறார் என்பது தலபுராணம். மரணத்திற்கு இத்துணை மகிமை கற்பித்த ஊரில், மரித்தவன் விட்டுச் செல்லும் பொருளைப் பற்றிய வினா எழாமல் இராது. தேடியதில் மக்களுக்கு எவ்வளவு, தருமத்துக்கு எவ்வளவு? தருமத்துக்கென ஒதுக்கியது, கண் மூடிய பின் ஒதுக்கியவனைச் சென்று சேருமா?

முதல் வினாவுக்கு முன்னோர் தயங்காமல் விடை கூறினர். இல்வாழ்வானின் கடமையைத் தென்புலத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என வள்ளுவர் ஐந்தாக வகுக்க, ஆறில் ஒன்று அரசனுக்கு இறையாகப் போக எஞ்சிய ஐந்து கூறும் இவ்வைந்துக்கு உரியன என்று பரிமேலழகர் கணக்கும் காட்டினார். தன் சுற்றம் துன்புற அயலாருக்கு ஈவதைத் தருமத்தின் போலி என்று மனு ஸ்மிருதி ஒதுக்குகிறது. இடைக்கால இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் ஒருவனுடைய அசையும் பொருள் மனைவிக்கு ஒரு கூறு, மக்களுக்கு ஒரு கூறு, அவன் ஆன்மாவின் பொருட்டு ஒரு கூறு என மூன்றாகப் பிரிந்தது.

இரண்டாவது வினாவே கடினமானது. கண்டராதித்த சோழரை இழந்த செம்பியன் மாதேவியார், தம் மகன் உத்தம சோழன் காலத்தில் விருத்தாசலக் கோயிலைக் கற்றளியாக்கினார். கோனேரிராசபுரத்தில் கணவர் பெயராலேயே கோயில் எடுத்தார். அரசியாரின் தருமத்தைக் காக்க அரசு இருந்தது. சாமானியனின் தருமத்தை யார் காப்பார்? அதற்குச் சோழநாடு கண்ட வழி என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு சாகக் குட்டிகள் அதன் இடத்தை நிரப்புவதால், மந்தையின் தொகை மட்டும் என்றும் குறையாது நிற்க வேண்டும். அதனால்தான் அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஆடு ஏற்றவனுக்காக அவன் உறவினரும் பொறுப்பேற்று நிற்கின்றனர். வேட்டையில் அம்பு தவறிப் பிறன் உயிர் போகக் காரணமானவன், மாண்டவனுக்காக விளக்கு வைத்த செய்திகளும் கல்லில் உள. அங்கே தண்டனையும் பிராயச்சித்தமும் ஈமக்கடனும் ஒரே சுடரில் கலந்துவிட்டன.

கடல் கடந்த இடைக்கால இங்கிலாந்தின் கிராமத்தானும் வேறு விதமாக நினைக்கவில்லை. தன் ஆன்மாவை ஆண்டவனுக்கும் உடலைத் திருச்சபை நிலத்துக்கும் ஒப்புவித்து, கொடுக்க மறந்த தசமபாகத்துக்காகப் பலிபீடத்துக்குச் சிறு காசு வைத்து, மகளுக்குப் பித்தளைப் பானை, மகனுக்குப் பசு என எழுதிய கையோடே, திருவுருவத்தின் முன் எரியும் தீபத்துக்கு ஓர் ஆட்டையும் எழுதி வைத்தான். பழுதான சாலைக்கும் பாலத்துக்கும் பணம் விட்டவரும் உண்டு. கோயில் காரியஸ்தர் அவ்வாடு மாடுகளை வாடகைக்கு விட்டு மெழுகுக்கு வழி செய்தனர். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டவர் ஒரே உபாயத்தில் வந்து சேர்ந்தது தற்செயல் அன்று. பொன்னைப் பூட்டி வைக்கலாம். ஆட்டை நாளும் ஒருவன் மேய்த்தே தீரவேண்டும். உயிருள்ளதை முதலாக வைப்பவன், தான் காணப்போகாத ஒரு மனிதனின் நாணயத்தையும் உடன் நம்பி வைக்கிறான்.

இந்நாளில் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் கார்த்திகைக்கென அகல்கள் வெந்து குவிகின்றன. அகல் எளிதில் கிடைத்துவிடும். நாளைக்கும் மறுநாளைக்கும் அதில் நெய் வார்க்கும் கை கிடைப்பதுதான் அரிது. அதை அறிந்தே, தருமத்தைச் செய்தவர் அதைக் காப்பவரின் பாதங்களைத் தம் தலைமேல் ஏற்றுவதாகக் கல்வெட்டில் பொறித்தனர். தாழ்மைக்காக மட்டும் சொன்னது அன்று இது. பலன் எங்ஙனம் சேரும் என்பதற்கு அவர்கள் கண்ட விடையே இது என்பது என் துணிபு. ஈந்தவனின் புண்ணியம் அவன் கையில் முடிவதில்லை.

இங்கிலாந்தில் 1547-ஆம் ஆண்டுச் சட்டம் இறந்தோர் பெயரால் விடப்பட்ட அறங்களின் சொத்தை அந்நாட்டு மன்னர் வசமாக்கியது. நம் மந்தைகளும் காலத்தில் கலைந்தன. எனினும் இடையனும் அவன் மகனும் உழக்கு நெய் அளந்த ஆண்டுகள் அத்தனையும் ஈந்தவனைச் சேர்ந்தவையே. அவற்றில் இடையனுக்கும் சரிபாதி உரிமை உண்டு.