காவலருக்கும் ஓய்வு நாள்



மோயீசன் சர்வேசுரனோடு பேசினவர். ஆயினும் களைப்பு அவரையும் விடவில்லை. காலை முதல் மாலைவரை தனியே உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளைத் தீர்த்துவந்தார். மனைவியையும் இரு குமாரரையும் அழைத்துக்கொண்டு மாமனார் ஜெத்ரோ பாளையத்துக்கு வந்தார். இப்படியே போனால் மருமகனும் ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்று கண்டு, பாரத்தைப் பலரோடு பங்கிடும்படி புத்தி சொன்னார். மோயீசனும் கேட்டு நடந்தார் (யாத்திராகமம் 18).

நம் செங்கற்பட்டுப் பகுதியில் காவல் உத்தியோகம் பார்க்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். நமக்கு விடுமுறை என்றால் மாமல்லபுரத்தில் கூட்டம். கூட்டம் என்றால் அவர்களுக்கு வேலை. காணும் பொங்கலன்று தம் பிள்ளைகளை வீட்டில் விட்டு, கடற்கரையில் நம் பிள்ளைகளைக் காக்கிறார்கள். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தபோதும், 2022-ல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதும் அப்படியே.

காவலர் எந்நேரமும் கடமையில் இருப்பவரே என்று 1861-ம் வருஷத்துக் காவற்சட்டம் வகுத்தது. சட்டம் அப்படிச் சொல்லலாம், சரீரம் தாங்குமா? உறக்கம் கெட்டால் கோபம் வருகிறது. ஸ்டேஷனில் அடக்கின கோபம் வீட்டில் மனைவி மக்கள்மேல் விழுகிறது. சிலர் மதுவில் ஆறுதல் தேடுகிறார்கள். இதற்காகவே 2018-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் உதவியோடு தமிழகக் காவலருக்கு நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கப்பட்டது. 2021-ல் காவலருக்கும் தலைமைக் காவலருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு தர அரசு ஆணையிட்டது.

தாளில் உள்ள ஆணைக்கு உயிர் கொடுப்பது யார்? ஓய்வு நாளைப் பற்றிய தேவ கற்பனை வீட்டெஜமானுக்கு மட்டுமல்ல, அவன் வேலைக்காரனுக்கும் உரியது. ஆகையால், மேலதிகாரிகளாய் இருக்கிறவர்களே, அந்த நாளைப் பறியாதிருங்கள். அண்டை வீட்டாரே, அன்று சிபாரிசு கேட்டுக் கதவைத் தட்டாதிருங்கள். குடும்பத்தாரே, ஆறு நாள் வேலையையும் ஆறு நாள் மனஸ்தாபத்தையும் அந்த ஒரே நாளில் குவியாதிருங்கள். முதலில் உறங்க விடுங்கள், பிறகு சேர்ந்து உண்ணுங்கள். காவற்பணியிலிருக்கும் மகனே, மகளே, களைப்பைச் சொல்வது கோழைத்தனமல்ல. இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தால் வைத்தியரிடம் போங்கள். வீட்டில் மனம்விட்டுப் பேசுங்கள்.

நம் பங்கிலும் காவலர் குடும்பங்கள் உண்டு. இரவுக் காவலுக்குப் போனவரின் பிள்ளைகளை ஞாயிறு பூசைக்கு உங்கள் பிள்ளைகளோடு அழைத்து வாருங்கள். சுமை இறக்க ஒரு கை கொடுப்பதும் ஜெபமே. நம்மைக் காக்கிறவர்களைச் சர்வேசுரன் காப்பாராக. ஆமென்.