கடனா, கொடையா?

"சுவாமி, கலியாணம் முடிச்சால் அவர் கேக்கிற நேரமெல்லாம் மனைவி சம்மதிக்கத்தான் வேணுமோ?"

திருமண ஆயத்த வகுப்பொன்றின் முடிவிலே, ஓர் இளம் பெண் தலை குனிந்தபடி கேட்ட கேள்வி இது. கூச்சத்தை வென்று அவள் கேட்டுவிட்டாள். கூசாது விடை கூற நாமும் கடமைப்பட்டுள்ளோம்.

தம்பதிகள் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை நம்மவர் அறிவர். ஆனால் மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமையைச் சொன்ன அதே மூச்சில், கணவனின் உடல்மீது மனைவிக்குள்ள உரிமையையும் அவர் சொல்கிறார். பாதியை மட்டும் வாசித்தல் முறையன்று. துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பாராது வலிந்து கொள்ளும் உறவு உண்மை அன்பின் செயலன்று என 1968இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரும் தமது சுற்றுமடலில் போதித்தார்.

அப்படியாயின் இன்பம்? அது ஆணுக்குரியது, பெண்ணுக்கோ வெட்கம் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. திருச்சபையின் போதனை அதுவன்று. தம்பதியர் இருவரும் உடலாலும் உள்ளத்தாலும் இன்புறுவது படைத்தவரின் திட்டமே என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் மருத்துவிச்சிகளுக்கு ஆற்றிய உரையில் கூறினார். பின்னாளில் பாப்பரசரான கரோல் வொய்த்திலா, 1960இல் வெளியிட்ட 'அன்பும் பொறுப்பும்' என்ற நூலில், பெண்ணின் உணர்வு மெதுவாக எழுவதை அறிந்து பொறுத்திருத்தல் கணவனின் ஒழுக்கக் கடமை என்றே எழுதினார்.

எனினும் இன்பத்தையும் ஒரு பரீட்சையாக்கிவிடலாகாது. மகிழ்ச்சி கட்டளைக்கு வருவதில்லை. அச்சத்திலும் அலுப்பிலும் உடல் இறுகும், நோவும் உண்டாகும். பிள்ளைப்பேற்றின் பின்னர், பாலூட்டும் மாதங்களில், ஆசை குறைவதும் உடல் வறள்வதும் பலருக்கு நேர்வதே. அது மனைவியின் குற்றமன்று. நோவு தொடர்ந்தால் வைத்தியரிடம் செல்ல வெட்கப்பட வேண்டாம். கணவனின் மனம் கோணாதிருக்க மகிழ்ந்ததாக நடிக்கும் மனைவி தனிமையில் வாடுகிறாள். உண்மை அறியாத கணவனும் தனித்தே நிற்கிறான்.

கணவன்மாரே, இரவின் அன்பு பகலிலே, குசினியில் கொடுக்கும் ஒரு கையிலே தொடங்குகிறது. "இன்றைக்கு வேண்டாம்" என்ற சொல்லை வெறுப்பென்று கொள்ளாதீர்கள். மனைவிமாரே, பிடித்ததையும் நோவதையும் வாய்திறந்து சொல்லுங்கள், அது நாணமின்மையாகாது. கோபத்தைத் தீர்ப்பதற்காக விலகியிருத்தலும் அன்பன்று. ஆனால் அதற்கும் மருந்து பேச்சேயன்றிப் பலாத்காரமன்று.

அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "இல்லை, மகள். திருமணத்தில் நீங்கள் இருவரும் உங்களையே கொடையாகக் கொடுக்கிறீர்கள். மறுக்க முடியாத ஒன்றைக் கொடையென்று எவரும் சொல்வதில்லை."