அணைப்பும் சட்டமும்

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 1977-ல் நிறைவேறிய ஒரு சட்டம், காரில் போகும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை அதற்கென்று செய்யப்பட்ட இருக்கையில் வார் போட்டு உட்கார்த்த வேண்டும் என்றது. அந்த நாட்டில் இவ்விதச் சட்டங்களில் இதுவே முதல். ராபர்ட் ஸாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியர் இதற்காகப் பாடுபட்டவர். 1978 ஜனவரியில் அமலுக்கு வந்த இச்சட்டத்தில் சட்டசபை ஒரு விலக்கைச் சேர்த்திருந்தது: பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தால் இருக்கை வேண்டியதில்லை.

இதை வெறும் சட்ட ஓட்டை என்று தள்ளிவிட முடியாது. தாயின் கைகளைவிடப் பத்திரமான இடம் குழந்தைக்குக் கிடையாது என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. கவிதையும் சிற்பமும் மதங்களும் ஓயாமல் சொல்லிவந்தது இது. சட்டசபைக்காரர்கள் அதற்குக் கீழ்ப்படிந்தார்கள்.

பௌதிகம் கீழ்ப்படியவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு விநாடியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, அந்தக் கணத்தில் சுமார் 140 கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் கைகளுக்கு வேண்டும். எந்தத் தாய்க்கும் அது இல்லை. அவளும் வார் போடாமலிருந்தால், முன்னால் வீசப்படும் அவள் உடம்புக்கும் காரின் முன்பலகைக்கும் இடையே குழந்தை நசுங்கும். எதிர்த்தவர்கள் இந்த விலக்குக்குக் 'குழந்தை நசுக்கி' என்றே பெயர் வைத்தார்கள். 1981-ல் அது நீக்கப்பட்டது.

அப்படியானால் அணைப்பு பொய்யா? அன்பில் பொய்யில்லை. அதற்குத் தன் பலத்தின் அளவு தெரியாது, அவ்வளவுதான். உணர்ச்சியின் தீவிரம் அறிவுக்குச் சான்றாகாது என்பதை நாம் மற்ற விஷயங்களில் சுலபமாக ஒப்புக்கொள்கிறோம். தாய்மை விஷயத்தில் கூசுகிறோம்.

இங்கே தாயின் சுதந்திரம் பேச வருகிறவர் ஜான் ஸ்டூவர்ட் மில்லைத் துணைக்கழைக்க முடியாது. ஒருவனை அவன் நன்மைக்காகவே வற்புறுத்தும் உரிமை சமூகத்துக்கு இல்லை என்று 1859-ல் வாதிட்ட மில், குழந்தைகளை அந்தக் கொள்கைக்கு வெளியே வைத்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இந்தக் கோட்டை அப்படியே ஏற்றிருக்கிறது. சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துமடி என்பதைக் குறிக்கோள் வாக்கியமாகக் கொண்ட அங்கே, வளர்ந்தவர்கள் வார் போட வேண்டியதில்லை. 18 வயதுக்குட்பட்டவர்கள் போட்டாக வேண்டும்.

கோடு நேர்த்தியானதுதான். மோதலின் கணத்தில் காருக்குள் அது இருப்பதில்லை. பின்னிருக்கையில் வாரின்றி உட்கார்ந்திருக்கும் சுதந்திர மனிதன், கார் நின்ற பிறகும் அதன் பழைய வேகத்திலேயே போகிறான். முன்னிருப்பவர் மீதோ, பக்கத்தில் வார் போட்டு உட்கார்த்தியிருக்கும் குழந்தை மீதோ மோதுகிறான். தன்னை மட்டுமே பாதிக்கும் செயல் என்பதற்கு அர்த்தம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இதிலிருந்து, அரசு தாயைவிடப் பெரிய தாய் என்ற முடிவுக்குத் தாவுவதும் ஆபத்து. இந்தச் சட்டம் நியாயமாவது, அது கேட்பது மிகக் குறைவு என்பதால். எடை, வேகம், நேரம் - இவற்றை யாரும் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். தாயின் மனசை அது விசாரிப்பதில்லை. குழந்தை எந்த மொழியில் படிக்க வேண்டும், யாரை வணங்க வேண்டும் என்று சொல்ல வருகிற அரசும் குழந்தையின் நன்மை என்றுதான் ஆரம்பிக்கும். வார் சட்டத்தையே முன்னுதாரணமாகவும் காட்டும். உன் கணக்கைக் காட்டு என்று அதைக் கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு இருக்கிற இடத்தில் கைகளை விலக்கிக்கொள்ளவும்.